ஆசிரியரின் கைபேசியும் நான்கு நெறிமுறைகளும்

ஆசிரியர் மாணவருக்குக் கைபேசியில் எப்போது, எதை, எந்த வழியில் எழுதலாம் என்று வகுக்கும் விதிகளைப் பனுவலாக எடுத்துப் படிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. அவை சுற்றறிக்கையாக வருகின்றன. கையெழுத்து வாங்கிக் கோப்பில் சேர்க்கப்படுகின்றன. ஒரு வழக்கு வெடிக்கும்போதுதான் வெளியே எடுக்கப்படுகின்றன. அப்போதும் விவாதம் விதி இருந்ததா இல்லையா என்பதைச் சுற்றியே நடக்கிறது. அந்த விதி நன்றாக எழுதப்பட்டதா என்ற கேள்வி எழுவதில்லை. குழந்தையின் பாதுகாப்பு ஒரு வாக்கியத்தின் வீச்சையும் ஒரு வரையறையின் கூர்மையையும் சார்ந்திருக்கும்போது இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடுவது பொறுப்பாகாது. இத்துறையில் எழுந்த நான்கு ஆவணங்களை இங்கே எடைபோடுகிறேன்: அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் 2011-இல் இயற்றிய சட்டப்பிரிவு, கனடாவின் ஒன்டாரியோ ஆசிரியர் மன்றம் அதே ஆண்டு வெளியிட்ட அறிவுரை, இங்கிலாந்தின் பள்ளிப் பாதுகாப்பு வழிகாட்டி 2021-இல் பெற்ற வடிவம், தமிழ்நாடு அரசு 2021-இல் வெளியிட்ட இணையவழி வகுப்பு நெறிமுறைகள்.

அளவுகோலை முதலில் சொல்லிவிட வேண்டும். பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையின் நம்பிக்கையைப் படிப்படியாகப் பிடிக்கும் வசப்படுத்தல் எப்படி நடக்கிறது என்பது குழந்தைப் பாதுகாப்புத் துறையில் இருப்போருக்குத் தெரிந்ததே. பாராட்டு முதலில் வரும். மற்ற பிள்ளைகளைப் போல நீ இல்லை என்ற தனிமதிப்பு அடுத்து வரும். பிறகு பேச்சு வகுப்புக் குழுவை விட்டுத் தனி உரையாடலுக்கு நகரும்; மாலை நேரம் நள்ளிரவாகும்; யாரிடமும் சொல்லாதே என்ற வேண்டுகோள் வரும். பாலியல் சொல் இத்தனைக்கும் பிறகுதான் வரும். இந்தியாவின் போக்சோ சட்டம், 2012, தன் 11-ஆம் பிரிவில் மின்னணு வழியாகக் குழந்தையைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதைக் குற்றமாக்குகிறது. ஆனால் பாலியல் நோக்கம் இருந்தால்தான். குற்றவியல் சட்டம் அப்படித்தான் இருக்க முடியும். 'சாப்பிட்டாயா, ஏன் இன்று முகம் வாடியிருந்தது' என்று இரவு பதினொரு மணிக்கு வரும் செய்தியில் தண்டிக்க எதுவும் இல்லை. தண்டிக்க எதுவும் இல்லாத அந்தக் கட்டத்தில்தான் நெறிமுறைக்கு வேலை இருக்கிறது. பேச்சு பொதுவிடத்திலிருந்து தனியிடத்துக்கு நகரும் அந்தத் திருப்பத்தை ஒரு நெறிமுறை பிடிக்கிறதா என்பது என் முதல் அளவுகோல். நல்ல ஆசிரியர் தன் வேலையைச் செய்ய நடக்கக்கூடிய ஒரு பாதையை அது விட்டுவைக்கிறதா என்பது இரண்டாவது. துயரத்தில் இருக்கும் குழந்தை தானே முதலில் எழுதும்போது என்ன செய்வது என்பதற்கு அதனிடம் விடை இருக்கிறதா என்பது மூன்றாவது. மூன்றில் இதுவே கடினமானது.

மிசௌரியிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் துறையில் அதிகம் தூற்றப்பட்டதும் குறைவாகப் படிக்கப்பட்டதும் அதுவே. ஏமி ஹெஸ்டர் மாணவர் பாதுகாப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர். பள்ளிப் பருவத்தில் ஆசிரியரால் துன்புறுத்தப்பட்டதைச் சட்டமன்றத்தின் முன் வந்து சொன்ன ஒரு பெண்ணின் பெயர் அது. அந்தக் கொடுமை நடந்தபோது சமூக வலைத்தளம் என்ற ஒன்றே இல்லை. சட்டத்தின் பெரும்பகுதி வேறொரு நோயைக் குறிவைத்தது: குற்றம் சாட்டப்பட்ட ஆசிரியரைச் சத்தமில்லாமல் விலகச் செய்து, அடுத்த மாவட்டத்துப் பள்ளி அறியாமல் அங்கே வேலைக்குச் சேரவிடும் பழக்கம். அந்தப் பகுதி திடமானது, தேவையானது. ஆனால் சட்டம் நினைவில் நிற்பது அதற்காக அன்று. ஆசிரியரும் மாணவரும் மட்டும் அணுகக்கூடிய, பிறர் நுழைய வழியில்லாத எந்த இணையத்தளத்தையும் ஆசிரியர் வைத்துக்கொள்ளவோ பயன்படுத்தவோ கூடாது என்று அதன் ஒரு பிரிவு சொன்னது. இப்போதைய மாணவர்களோடு முன்னாள் மாணவர்களையும் அது தடையில் சேர்த்தது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. மிசௌரி மாநில ஆசிரியர் சங்கம் வழக்குத் தொடுத்தது. சட்டம் நடைமுறைக்கு வரவிருந்தது 2011 ஆகஸ்ட் 28-இல். அதற்கு இரண்டு நாள் முன்பு கோல் கவுன்டி நீதிபதி ஜான் பீட்டம் இடைக்காலத் தடை விதித்தார். பேச்சுரிமையை அந்தப் பிரிவு அஞ்சி ஒடுங்கச் செய்யும் என்பதும் அதன் வீச்சு அளவு மீறியது என்பதும் அவர் காரணங்கள். ஆசிரியராக இருக்கும் தாய் தன் சொந்த மகனோடு வலைத்தளத்தில் பேசுவதைக்கூட அந்த வாசகம் தடுத்துவிடும் என்பது எடுத்துக்காட்டப்பட்டது. சட்டமன்றம் செப்டம்பரில் சிறப்புக் கூட்டத்தில் அந்தப் பிரிவை நீக்கியது. ஆளுநர் ஜே நிக்சன் அக்டோபரில் ஒப்பமிட்டார். ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தனக்கான எழுத்துவடிவக் கொள்கையை 2012 மார்ச் 1-க்குள் வகுத்துக்கொள்ள வேண்டும் என்ற கடமை மட்டும் எஞ்சியது.

தீர்ப்பு சரியானதே. ஆனால் அந்தத் தீர்ப்போடு இத்துறை ஒரு நல்ல கருத்தையும் சேர்த்துப் புதைத்துவிட்டது என்பது என் வாதம். மிசௌரிப் பிரிவின் நடுவில் இருந்த கருத்து, பிறருக்கு வழியற்ற தனித்த அணுக்கம் என்பது. மற்ற எந்த நெறிமுறையும் ஆபத்தின் இடத்தை இவ்வளவு துல்லியமாகப் பெயரிட்டதில்லை. முகநூல் ஆபத்தானது என்று அது சொல்லவில்லை. நட்பு ஆபத்தானது என்று சொல்லவில்லை. மூன்றாமவர் இல்லாத மூடிய வழி ஆபத்தானது என்று சொன்னது. பழுது அக்கருத்தில் இல்லை. அதற்குக் கொடுத்த உடலில் இருந்தது. தடையை ஆசிரியர் செய்யும் செயலின்மேல் வைக்காமல் அவர் பயன்படுத்தும் தளத்தின் கட்டமைப்பின்மேல் வைத்தார்கள். தனிச் செய்தி அனுப்பும் வசதி எல்லாத் தளத்திலும் இருப்பதால், எந்தத் தளத்தில் கணக்கு வைத்திருந்தாலும் விதிமீறல் ஆகிவிடும் என்று அஞ்ச இடம் ஏற்பட்டது. விதிவிலக்குகளை எழுதவே இல்லை. கருத்து கூர்மை, வரைவு மொண்ணை. அடுத்து வந்தவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

பிரித்துப் பார்க்காததன் விளைவை நியூயார்க் நகரக் கல்வித்துறை 2012 மே மாதம் வெளியிட்ட சமூக ஊடக வழிகாட்டியில் காணலாம். மிசௌரியின் மிகையைத் தவிர்க்கும் கவனம் அதில் தெரிகிறது: முழுத் தடை இல்லை, கற்பித்தலுக்கான கணக்கும் சொந்தக் கணக்கும் தெளிவாகப் பிரிக்கப்பட்டன, சொந்தக் கணக்கில் மாணவரை நண்பராக்கிக்கொள்ளுதல் விலக்கப்பட்டது. ஆனால் கைபேசி அழைப்பையும் குறுஞ்செய்தியையும் அது தொடவில்லை. ஆசிரியர்களின் தகாத தொடர்புகள் அதிகம் நடந்த வழியோ குறுஞ்செய்திதான். ஊடகத்தின் பெயரால் விதி எழுதினால் இதுதான் நேரும். அடுத்த ஊடகம் விதிக்கு வெளியே நிற்கும். சில வேளைகளில் முந்தைய ஊடகமே வெளியே நின்றுவிடும்.

ஒன்டாரியோ ஆவணம் வேறொரு மரபிலிருந்து வருகிறது. அந்த மாகாணத்தின் ஆசிரியர் மன்றம் அரசுத் துறையன்று. மருத்துவர் மன்றம்போல, தொழிலில் உள்ளவர்கள் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் அமைப்பு. உரிமம் தருவதும் பறிப்பதும் அதன் அதிகாரம். சூ செயின்ட் மரீ நகரில் ஓர் ஆசிரியர் பல ஆண்டுகள் மாணவியரைத் துன்புறுத்தியதும், புகார்கள் வந்தபோது அவர் பள்ளி மாற்றப்பட்டதும் வெளிவந்த பிறகு, முன்னாள் நீதிபதி சிட்னி ராபின்ஸ் 2000-இல் அளித்த அறிக்கை அந்த மாகாணத்தின் சிந்தனையையே திருப்பிப்போட்டது. 2002-இல் மாணவர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்தப் பின்னணியில்தான் 2011 ஏப்ரலில் மின்னணுத் தொடர்பு பற்றிய தொழில்முறை அறிவுரையை மன்றம் வெளியிட்டது. 2017-இல் அதைப் புதுப்பித்தது.

அதன் முதல் சிறப்பு, அது யாரை நோக்கிப் பேசுகிறது என்பதில் இருக்கிறது. மிசௌரிச் சட்டம் ஆசிரியரைச் சாத்தியக் குற்றவாளியாக வைத்துப் பேசியது. ஒன்டாரியோ அறிவுரை சக தொழிலாளியாக வைத்துப் பேசுகிறது. மாணவர் அனுப்பும் நட்பு அழைப்பை மறுத்துவிடுங்கள், நீங்களாக ஒருபோதும் அனுப்பாதீர்கள். தனிப்பட்ட குறுஞ்செய்தி, தொலைபேசி, மின்னஞ்சல் பரிமாற்றங்களைத் தவிருங்கள். தகுந்த நேரத்தில், கல்விக்கென அமைந்த தளங்களில் தொடர்புகொள்ளுங்கள். வகுப்புக்காக வலைத்தளத்தைப் பயன்படுத்துமுன் பெற்றோருக்குத் தெரிவியுங்கள். மொழியில் மரியாதையும் முறைமையும் இருக்கட்டும். இவை நேரடியான, செய்யக்கூடிய அறிவுரைகள். அவற்றைவிட மேலானவை அது தன் வாசகரிடம் கேட்கும் கேள்விகள். இந்தத் தொடர்பு மாணவரின் கற்றலுக்காகவா, என் சொந்தத் தேவைக்காகவா? என் குடும்பமும் சக ஆசிரியர்களும் மன்றமும் இதைப் படிக்க நேர்ந்தால் நான் இதை எழுதியிருப்பேனா? விதி செல்ல முடியாத இடத்துக்குக் கேள்வி செல்லும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய ஆவணம் இது. நான்கிலும் நடையழகு உடையது இதுவே.

குறையும் அந்தச் சிறப்பிலிருந்தே பிறக்கிறது. மனச்சாட்சியிடம் கேட்கப்படும் கேள்விக்கு மனச்சாட்சிதான் விடை சொல்ல வேண்டும். எல்லை மீறத் தொடங்கும் ஆசிரியர் பெரும்பாலும் தன்னை மீட்பராகவே எண்ணிக்கொள்கிறார். இந்தப் பிள்ளையைப் புரிந்துகொள்ள என்னைத் தவிர யாரும் இல்லை என்று நம்புகிறார். கற்றலுக்காகவா தேவைக்காகவா என்று கேட்டால், கற்றலுக்காக என்று அவர் மனமார விடை சொல்வார். தவிருங்கள் என்ற சொல்லிலும் இதே நெகிழ்வு. எப்போது தவிர்க்க முடியாது, தவிர்க்க முடியாதபோது யாரிடம் சொல்வது என்பதில் ஆவணம் தளர்ந்துவிடுகிறது. இந்தத் தளர்வை ஈடுகட்டுவது ஆவணத்துக்கு வெளியே இருக்கும் மன்றத்தின் ஒழுங்கு விசாரணைகள். அங்கே அறிவுரை அளவுகோலாகிறது. தீர்ப்புகள் வெளியிடப்பட்டுத் தொழிலில் உள்ள எல்லோரும் படிக்கிறார்கள். ஆகவே இந்த ஆவணத்தைத் தனியே எடுத்து வேறொரு நாட்டில் நட்டால் அதன் பாதி வலிமை போய்விடும். இந்தியப் பள்ளிகள் சில இத்தகைய வாசகங்களைத் தம் கையேடுகளில் அப்படியே ஏற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தாங்கும் மன்றம் நம்மிடம் இல்லை என்பதை அவை கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

இங்கிலாந்தின் வழிகாட்டி நடையழகால் யாரையும் கவராது. கல்வியில் குழந்தைகளைப் பாதுகாப்பாக வைத்திருத்தல் என்ற பொருள்படும் பெயர் கொண்ட அந்த ஆவணம் நூற்றைம்பது பக்கங்களைத் தாண்டுவது, ஆண்டுதோறும் திருத்தப்படுவது, சட்டத்தின் பின்பலம் உள்ளதால் பள்ளிகள் புறக்கணிக்க முடியாதது. ஆசிரியர் மாணவர் மின்தொடர்பைப் பற்றி அது நேராகச் சொல்வது மிகக் குறைவு: சமூக ஊடகம் உள்ளிட்ட தொடர்புகளைப் பற்றிப் பள்ளியின் பணியாளர் நடத்தைக் கொள்கை பேச வேண்டும் என்று சொல்லி அந்தப் பணியைப் பள்ளியிடம் விட்டுவிடுகிறது. ஒரு பள்ளியில் தெளிவான கொள்கை, அடுத்த பள்ளியில் ஒரு பத்தி என்ற ஏற்றத்தாழ்வுக்கு இதுவே வழி. பக்கக் கணக்கும் ஒரு பழுதே. தான் எதைச் செய்ய வேண்டும் என்று தேடும் வகுப்பாசிரியருக்கு நூற்றைம்பது பக்கம் உதவாது.

ஆயினும் 2021 செப்டம்பர்ப் பதிப்பில் சேர்ந்த ஒரு பகுதி, இந்தத் துறை கண்ட சிறந்த சிந்தனை என்று நான் மதிப்பிடுகிறேன். குற்றச்சாட்டு என்ற அளவை எட்டாத சிறு கவலைகளைப் பற்றிய பகுதி அது. ஒரு பெரியவரின் நடத்தை பள்ளியின் ஒழுங்குக்கு ஒவ்வாதிருக்கலாம் என்ற ஐயம், அது மனத்தில் உறுத்தும் ஒரு சிறு நெருடலாக மட்டும் இருந்தாலும்கூட, பகிரப்பட வேண்டும், பதியப்பட வேண்டும், பதிவுகள் சேர்த்துப் பார்க்கப்பட்டு ஒரு போக்கு தெரிகிறதா என்று ஆராயப்பட வேண்டும். குழந்தைகளிடம் அளவு கடந்து நெருக்கம் காட்டுதல், ஒரு சிலரைச் சலுகையோடு நடத்துதல், சொந்தக் கைபேசியில் குழந்தைகளைப் படம் எடுத்தல் ஆகியவை அது தரும் எடுத்துக்காட்டுகள். இதைவிட முக்கியமானது, தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடிய நிலையில் தான் இருந்துவிட்டதாக உணரும் ஆசிரியர் தானே வந்து சொல்ல ஊக்குவிக்கப்படுகிறார் என்பது.

ஒன்டாரியோ ஆசிரியரின் மனச்சாட்சிக்குள் வைத்த கேள்வியை இங்கிலாந்து இரண்டு பேருக்கு நடுவில் வைக்கிறது. என் முதல் அளவுகோலை முழுமையாக நிறைவு செய்யும் ஒரே ஏற்பாடு இது. தண்டிக்க எதுவும் இல்லாத கட்டத்தில், யாரையும் குற்றவாளி ஆக்காமல், பேச்சை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. இரண்டாவது அளவுகோலையும் நிறைவு செய்கிறது: நேற்றிரவு ஒரு மாணவி எனக்கு எழுதினாள், இப்படிப் பதில் சொன்னேன் என்று மறுநாள் காலை பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்ட ஆசிரியர் தன் வேலையையும் செய்தார், தன்னையும் காத்துக்கொண்டார். மூன்றாவதற்கும் அந்த வழிகாட்டியில் விடை உண்டு. நீ சொல்வதை வேறு யாருக்கும் சொல்லமாட்டேன் என்று குழந்தைக்கு ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள் என்கிறது அது. இந்த ஒரு கட்டளை இரகசியத்தின் வேரிலேயே கை வைக்கிறது. நல்ல எண்ணத்தோடு கொடுக்கப்படும் இரகசிய வாக்கும் தீய எண்ணத்தோடு கேட்கப்படும் இரகசிய வாக்கும் குழந்தையின் பார்வையில் ஒன்றுபோலவே இருக்கின்றன.

தமிழ்நாட்டின் 2021 நெறிமுறைகளுக்கு வருகிறேன். இதை மற்றவற்றைவிடக் கண்டிப்பாகப் படிக்க வேண்டும், நம் பிள்ளைகள் இதன்கீழ் படிப்பதால். 2021 மே மாதம் சென்னையில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியருக்கு எதிராக முன்னாள், இந்நாள் மாணவியர் இன்ஸ்டாகிராமில் எழுதத் தொடங்கினர். இணைய வகுப்பில் நடந்ததும் கைபேசிக்கு வந்த செய்திகளும் அதில் இருந்தன. கைது நடந்தது, வேறு பள்ளிகளிலிருந்தும் புகார்கள் வந்தன. அரசு வேகமாக இயங்கியது. குழு அமைத்து, ஜூன் மாதத்திலேயே நெறிமுறைகளை வெளியிட்டது. பெருந்தொற்றின் நடுவில், பள்ளிகள் மூடியிருந்த நிலையில், இவ்வளவு விரைவில் வந்த ஆவணம் என்பதை நினைவில் வைத்தே அதை எடைபோட வேண்டும்.

அதன் பலம் புகார் ஏற்பாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு. அதில் தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர், நிர்வாகத்தின் சார்பில் ஒருவர், ஆசிரியரல்லாத பணியாளர் ஒருவர். வாய்மொழியாக வந்தாலும் எழுத்தில் வந்தாலும் புகாரை 24 மணி நேரத்துக்குள் கல்வித்துறைத் தலைமையகத்தின் மையப் புகார் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். பணியாளர் அனைவருக்கும் பயிற்சி, ஆண்டுதோறும் புத்தாக்கம். நவம்பர் 15 முதல் 22 வரை விழிப்புணர்வு வாரம். பள்ளியின் மானம் என்ற பெயரில் புகாரை உள்ளேயே அமுக்கும் பழக்கம் வேரோடிய சூழலில், அந்த 24 மணி நேரக் கெடு துணிவான வாசகம். குழுவில் நிர்வாகத்தின் கை ஓங்கிவிடும் என்ற நியாயமான அச்சத்துக்கு அதுவே மறுமருந்து. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு குற்றத்தை அறிந்தவர் எவரும் தெரிவிக்க வேண்டும் என்கிறது; 21-ஆம் பிரிவு தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளரைத் தண்டிக்கிறது. தாள்மேல் இருந்த அந்தக் கடமைக்கு நெறிமுறை ஒரு வழியும் கால எல்லையும் தந்தது. குறைதீர்க்கும் ஆவணம் என்ற முறையில் அது உயர்ந்த தரத்தது. ஒன்டாரியோவும் இங்கிலாந்தும் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு கட்டியதை இது ஒரு மாதத்தில் வரைந்தது.

தொடர்பை நெறிப்படுத்தும் ஆவணம் என்ற முறையில் பார்த்தால் நிலைமை வேறு. ஆவணத்தின் கண் இணைய வகுப்பு நடக்கும் மணி நேரத்திலேயே நிலைத்திருக்கிறது. வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும், குழுவினர் அவ்வப்போது அவற்றைத் தணிக்கை செய்ய வேண்டும் என்கிறது. நாற்பது பிள்ளைகளும் பின்னால் சில பெற்றோரும் பார்த்துக்கொண்டிருக்கும் திரை அது. ஏற்கெனவே வெளிச்சத்தில் இருப்பதன்மேல் இன்னொரு விளக்கைப் பிடிப்பதால், அதற்குப் பிறகு தனி எண்ணுக்கு வரும் செய்தி இருளிலேயே இருக்கிறது. அந்தப் புகார்களில் வகுப்புத் திரையும் இருந்தது, தனிச் செய்தியும் இருந்தது. நெறிமுறை முதலாவதை விரிவாகவும் இரண்டாவதைப் போதாமலும் கையாண்டது. பதிவுகளை யார் வைத்திருப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது, பிள்ளைகளின் முகமும் வீட்டின் உட்புறமும் அடங்கிய அந்தக் கோப்புகளை யார் திறக்கலாம் என்பவை ஒரு பாதுகாப்பு ஆவணம் தெளிவாக்க வேண்டிய கேள்விகள்.

உடை பற்றிய வாசகத்தையும் ஏற்க முடியவில்லை. இணைய வகுப்பில் ஆசிரியரும் மாணவரும் பள்ளி வகுப்பறைக்கு ஏற்ற உடையில் இருக்க வேண்டும் என்பது அது. ஆசிரியர்மேல் அந்த விதியை வைத்தது நியாயம். அன்றைய புகார்களில் அதற்குக் காரணம் இருந்தது. மாணவர்மேலும் அதையே வைத்ததில் ஆவணத்தின் ஒத்திசைவு குலைகிறது. குழந்தையைக் காக்க எழுந்த பனுவல், குழந்தையின் உடையையும் காரணங்களில் ஒன்றாக்கிவிடும் வாசிப்புக்கு இடம் தருகிறது. விதி எழுதுபவர்கள் சமச்சீர் என்று எண்ணிச் செய்யும் பிழை இது; பொறுப்பு ஒருபுறம் மட்டுமே இருக்கும் உறவில் சமச்சீர் நியாயமாகாது.

இவற்றைவிடப் பெரிய குறை காலம் பற்றியது. பள்ளிகள் திறந்தன, இணைய வகுப்பு முடிந்தது, வாட்ஸ்அப் குழுக்கள் முடியவில்லை. வீட்டுப்பாடம், தேர்வு அட்டவணை, விடுமுறை அறிவிப்பு, கட்டண நினைவூட்டல் எல்லாம் அவற்றில்தான் ஓடுகின்றன. பெரும்பாலான பள்ளிகளில் வகுப்பாசிரியரின் சொந்த எண்தான் வகுப்பின் எண். குழுவில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரிகிறது. ஆசிரியர் ஒரு பெயரைத் தொட்டால் தனி உரையாடல் திறந்துகொள்கிறது; குழுவுக்கும் தனியறைக்கும் நடுவே ஒரு விரல்தொடுகைதான் தூரம். மறையும் செய்தி வசதி அந்தச் செயலியில் 2020 நவம்பரிலும், ஒருமுறை மட்டும் பார்க்கும் பட வசதி 2021 ஆகஸ்டிலும் வந்துவிட்டன. வகுப்பு நேரத்துக்கு எழுதப்பட்ட நெறிமுறை இந்த அன்றாடத்தை ஆளவில்லை. நியூயார்க் செய்த பிழையின் இன்னொரு வடிவம் இது: அவர்கள் ஊடகத்தின் பெயரால் விதி எழுதினார்கள், நாம் சூழலின் பெயரால் எழுதினோம். சூழல் போனது, விதியும் அதோடு கோப்புக்குப் போனது.

மூன்றாவது அளவுகோலில் தமிழ்நாட்டின் தேவை மற்ற இடங்களைவிடக் கூர்மையானது. பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரவில் ஆசிரியைக்கு எழுதுகிறாள்: மிஸ், வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள், அடுத்த வாரம் கல்யாணம். இத்தகைய செய்திகள் ஆசிரியைகளுக்கு வருகின்றன. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போகும் அழைப்புகள் சில அங்கிருந்துதான் தொடங்குகின்றன. தனித் தொடர்பே கூடாது என்று எழுதிவிட்டால் அந்தச் செய்தி போய்ச் சேர இடமில்லை. எல்லாத் தொடர்பும் பெற்றோர் கண்முன் நடக்க வேண்டும் என்று எழுதினாலோ அந்தச் செய்தி எழுதப்படவே மாட்டாது. அந்தப் பிள்ளையின் கையில் இருப்பது பெரும்பாலும் அப்பாவின் கைபேசி. வேலை தொடர்பான ஆசிரியர் தளத்தைப் பெற்றோர் பார்க்க முடிய வேண்டும் என்று மிசௌரியும், பெற்றோருக்கு முன்னறிவிப்பு என்று ஒன்டாரியோவும் சொல்லும்போது, தீங்கு பள்ளியிலிருந்துதான் வரும் என்ற முடிவு அதில் உள்ளடங்கியிருக்கிறது. வீட்டிலிருந்தும் வரலாம். எனவே தேவையான மூன்றாமவர் எப்போதும் பெற்றோராக இருக்க முடியாது. பயிற்சி பெற்ற இன்னொரு ஆசிரியராக இருக்க வேண்டும். இங்கிலாந்தின் ஏற்பாடு மட்டுமே இதைக் கண்டுகொண்டது.

என் முடிவு இது. மிசௌரி கருத்தில் வென்றது, வரைவில் முழுவதுமாகத் தோற்றது. ஒன்டாரியோ எழுத்தில் முதலிடம் பெறுகிறது. ஆனால் தன்னைத் தாங்கும் நிறுவனம் இன்றி நிற்காது. தமிழ்நாடு, தீங்கு நடந்த பிறகு எழும் குரலைக் காப்பதில் உறுதியானது. தீங்கு உருவாகும் இடத்தைப் பார்ப்பதில் தவறியது. இங்கிலாந்து நீளத்திலும் சிதறலிலும் குறைபட்டாலும், சொல்லிவிடுதல் என்ற பழக்கத்தை விதியாக்கிய ஒரே ஆவணம் என்பதால் முறையியலில் முந்துகிறது. நான்கில் ஒன்றைத் தேர் என்றால் அதையே தேர்வேன், அந்த ஒரு பகுதிக்காக.

தமிழ்நாட்டு ஆவணத்தைத் தூக்கியெறியக் காரணம் இல்லை. அதன் குழுவும் கெடுவும் பயிற்சியும் அப்படியே நிற்கட்டும். அதோடு ஒரே ஒரு பக்கம் சேர வேண்டும், எந்தச் செயலியின் பெயரும் இல்லாத பக்கம். வகுப்புக் குழு எதிலும் இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். ஆசிரியர் தானாகத் தனி உரையாடலைத் தொடங்கக் கூடாது. மாணவர் தொடங்கினால் சுருக்கமாகப் பதில் சொல்லி, மறுநாளே பாதுகாப்பு ஆலோசனைக் குழுவின் குறித்த ஓர் உறுப்பினரிடம் சொல்லிப் பதிய வேண்டும். ஆபத்து என்று தெரிந்தால் மறுநாளுக்குக் காத்திராமல் 1098-க்கு அழைக்க வேண்டும். மறையும் செய்தியும் அழித்தலும் எந்த நிலையிலும் கூடாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்ற வாக்கு எந்தக் குழந்தைக்கும் தரக் கூடாது. சொன்ன ஆசிரியர்மேல் சொன்னதற்காக நடவடிக்கை கூடாது. இந்தக் கடைசி வாசகம் இல்லாவிட்டால் மற்றவை இயங்கமாட்டா. புகாருக்கு அஞ்சும் ஆசிரியர் சொல்லமாட்டார். ஆசிரியரின் சொந்த எண்ணுக்குப் பதிலாகப் பள்ளிக்கென ஓர் எண் தருவது அரசின் செலவு. அந்தச் செலவை ஏற்காமல் சொந்த எண்ணைப் பயன்படுத்தாதே என்று எழுதினால் அது நிறைவேறாத விதியாகும். அந்தப் பக்கத்தை வரையும் குழுவில் அதிகாரிகளோடு வகுப்பாசிரியர்களும், வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் நாள்தோறும் இருக்கும் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களும் உட்கார வேண்டும். 2021-இல் முதலில் பேசியவர்கள் முன்னாள், இந்நாள் மாணவியர்தான்.